கிரகணத்தன்று கொட்டிய பாசித் தண்ணீர்

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் அக்ரஹாரத் தெருவில் கடல் வாசனை வீசிய ஒரே வீடு எங்களுடையதுதான். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். என் கணவர் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அவர் பரம்பரையில் யாரும் மீனைத் தட்டிலும் வைத்துக்கொண்டதில்லை, தொட்டியிலும் வைத்துக்கொண்டதில்லை. இவர் மட்டும் ஏதோ ஒரு பத்திரிகையில் கோமாளி மீனின் படத்தைப் பார்த்துவிட்டு, பழவங்காடியில் ஒரு கடையில் சொல்லி வைத்து, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை வாங்கி வந்தார். அதோடு நின்றிருந்தால், எல்லாக் கணவர்களுக்கும் ஒரு பைத்தியம் உண்டு, இவருக்கு இது என்று விட்டிருப்பேன். இவருக்கு அதுகள் முட்டை இட வேண்டும், குஞ்சு பொரிக்க வேண்டும், அந்தக் குஞ்சுகள் எங்கள் கூடத்திலேயே, ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்து பெரிதாக வேண்டும்.

கோமாளி மீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. கடல் தண்ணீர்தான் வேண்டும். சங்குமுகத்துத் தண்ணீர் கலங்கல் என்று ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் விழிஞ்ஞம் போய் வெள்ளை கேன்களில் பிடித்து வருவார். கேரளத்தில் சாராயத்தை நிறுத்தியிருந்த காலம் அது. ஒரு தடவை வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, கேனில் என்ன என்று கேட்டிருக்கிறார். கடல் தண்ணீர் என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இதைவிட நம்ப முடியாத பொய்யை யாரும் அவரிடம் அதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அதிலும் திருப்தி வராமல் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, காறித் துப்பி, சாமி போகலாம் என்று வழி விட்டாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து இதை ஏதோ யுத்தம் ஜெயித்த மாதிரி சொன்னார்.

எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர். புகுந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்காமல், பிறகு கணவரும் போய், தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். அந்தக் குழந்தைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவரும் பேசியதில்லை. மடி, ஆசாரம், அமாவாசை, ஏகாதசி எல்லாம் அவர் பொறுப்பு. படித்து வேலைக்குப் போகும் நாங்கள் இரண்டு பேரும் அவருக்குப் பயந்துதான் நடந்தோம்.

மீன்தொட்டி வந்த அன்று அவர் ஒரு பாட்டம் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு வேடிக்கை பார்க்க ஆசை. அவர் சண்டையே போடவில்லை. பெருமாளே ஒரு தடவை மீனாக வந்தவர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: அதுகள் தின்னும் சாமான் சமையலறைப் பக்கம் வரக் கூடாது. அதுகள் தின்றது இறால். வங்கியில் கூட வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டிலிருந்து ஒரு துண்டு இறாலைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்து கொடுப்பார். என் கணவர் அதைச் சந்து வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோய், கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து சவர பிளேடால் நறுக்கி, மீனுக்குப் போட்டுவிட்டு நேரே குளிக்கப் போவார். இந்த ஊரில் எல்லோரும் இரண்டு வேளை குளிப்பார்கள். இவர் மூன்று வேளை குளித்தார். அடுப்பிலிருந்து காப்பியைத் தானாக இறக்கிக் குடிக்கத் தெரியாதவர் மீனுக்கு இவ்வளவு செய்கிறாரே என்பதை நான் அவ்வப்போது சொல்லிக் காட்டாமல் இல்லை.

இரண்டு மீனில் பெரியது பெண், சின்னது ஆண். பெரியது தொட்டிக்குள் அதிகாரம் செய்யும். சின்னது உடம்பை நடுக்கிக்கொண்டு அதன் பின்னால் போகும். உள்ளே சாய்த்து வைத்திருந்த உடைந்த பூந்தொட்டியின் மேல் பெண் முட்டைகளை ஒட்டிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று போய்விடும். அப்புறம் செட்டையால் விசிறுவது, வாயால் துடைப்பது, கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எடுப்பது எல்லாம் ஆண்தான். இதை என் கணவர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கையில் இருந்த துடைப்பத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்காதவர் போல மேலே சொல்லிக்கொண்டே போனார். பெரியது செத்துப்போனால் சின்னது தானே பெண்ணாக மாறிவிடுமாம். ஆண் செத்துப்போனால் கூட்டத்தில் அடுத்தது வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுமாம். அக்கா ரேழியில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“அப்போ அந்த ஜாதியிலே விதவையே கெடையாதுன்னு சொல்லு.”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் விழித்தோம். கடைசியில் அவரே சிரித்தார்.

முட்டை இடுவதும் பொரிவதும் கஷ்டமே இல்லை. ஒரு வாரம் போனதும் முட்டைகளுக்குள் வெள்ளி நிறத்தில் கண்கள் தெரியும். பொரிகிற நாளில் விளக்கு வைத்த கையோடு கூடத்தை இருட்டாக்கிவிட வேண்டும். டிவி கூடாது. எனக்கு ஒரு தொடர் போய்விடும். இருட்டில் பொரிந்து வருபவை சீரகத்தில் பாதி இருக்கும். கண்ணும் வாலும்தான், நடுவில் ஒன்றும் இல்லை. டார்ச்சைக் காட்டினால் வெளிச்சத்துக்கு வந்து கூடும். அவர் கிண்ணத்தால் மொண்டு வேறொரு கண்ணாடித் தொட்டியில் விடுவார். அதற்குப் பிறகுதான் கஷ்டம். அவ்வளவு சின்ன வாய்க்கு என்ன கொடுப்பது? முதல் தடவை பொரிகடலையை இடித்துச் சலித்துத் தூவினார். குஞ்சுகளைத் தவிர யாராக இருந்தாலும் தின்றிருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடியில் வெள்ளைத் தூசியாகக் கிடந்தன. அடுத்த தடவை வேறு ஏதோ மாவு. அப்போதும் அதே கதி.

ஒவ்வொரு தடவையும் அக்கா போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வருவார். மீனுக்கெல்லாம் தீட்டு உண்டா என்று தம்பி ஒரு தடவை கேலியாகக் கேட்டார். இன்னொரு ஈடும் அப்படியே போன அன்று, குளிக்கப் போகாமல் தொட்டி முன்னால் நின்று தம்பியைக் கூப்பிட்டார்.

“பொறக்கறதும் சாகறதும், பொறக்கறதும் சாகறதும். இனியும் இந்த ஆத்துல அதைப் பாத்துண்டிருக்க என்னால ஆகாதுடா. அடுத்த தடவையும் போச்சுன்னா இந்த மீன் பெட்டியை எங்கேயாவது எடுத்துண்டு போயிடு. இல்லேன்னா நான் எங்கேயாவது போறேன்.”

அவருக்குப் போக இடம் கிடையாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. என் கணவர் சரி என்றார். அவர் அக்காவிடம் எதற்கும் அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக விசாரித்தார். விழிஞ்ஞத்தில் மீன் ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார். குஞ்சுகளுக்கு உயிருள்ள ஆகாரம் வேண்டும். ரோட்டிஃபர் என்று ஒன்று, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தண்ணீரில் சுழலும் பூச்சி. அதைக் கடல் பாசியும் ஈஸ்ட் பொடியும் போட்டு வாளியில் வளர்க்கலாம். அவர் கொடுத்த கொஞ்சத்தைக் கொண்டு வந்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் வளர்க்க ஆரம்பித்தார். வாளித் தண்ணீர் நாளுக்கு நாள் பச்சையாகி, பார்க்க சகிக்காமல் ஆயிற்று. அவருக்கு அது முன்னேற்றம்.

இதில் ஒரு சிக்கல். ஓர் உயிரை வளர்க்க இன்னோர் உயிரை வளர்த்துக் கொல்வது என்றால் அக்கா என்ன சொல்வாரோ என்று பயம். அதனால் குஞ்சுகளுக்கு ஈஸ்ட் பொடிதான் சாப்பாடு என்று பொட்டலத்தைக் காட்டிச் சொல்லி வைத்திருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. பொடியைப் பூச்சி தின்னும், பூச்சியைக் குஞ்சு தின்னும், நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். பச்சை வாளியைப் பற்றி அக்கா கேட்டதற்குத் தொட்டியில் இருந்து எடுத்த பழைய உப்புத் தண்ணீர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த ஈடு பொரிந்தது ஆடி அமாவாசைக்கு முந்தின சாயங்காலம். மறுநாள் கர்க்கடக வாவு, அந்த அமாவாசைக்கு மலையாளத்தில் அதுதான் பேர். பாதி ஊர் சங்குமுகத்தில் பித்ருக்களுக்குப் பலிப் பிண்டம் போடப் போயிருந்தது. அன்றைக்கே சாயங்காலம் சூரிய கிரகணமும் வந்து சேர்ந்தது. காலையில் என் கணவர் விரலில் தர்ப்பைப் பவித்திரம் மாட்டிக்கொண்டு ஒரு மந்திரம் விடாமல் தர்ப்பணம் செய்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் வாளியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு குஞ்சுகளுக்கு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பித்ருக்கள் காத்திருந்திருப்பார்கள்.

மத்தியானம் அக்கா கிரகணத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்தார். பால், தயிர், ஊறுகாய் ஜாடி, குடிதண்ணீர் எல்லாவற்றிலும் ஒரு தர்ப்பைப் புல். தர்ப்பை போட்டதற்குத் தோஷம் இல்லை. போடாமல் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைக் கிரகணம் விட்டதும் கொட்டிவிட வேண்டும். கிணறு, குளம், மீன்தொட்டி இதெல்லாம் உயிர் உள்ள தண்ணீர், அதற்குத் தோஷம் கிடையாது என்பது அக்காவின் கட்சி. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒரு தர்ப்பையைக் கொண்டுபோய் அந்தப் பாசி வாளியில் போட்டேன்.

சிறிது நேரத்தில் என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, ரோட்டிஃபருக்கு ராகு கேது எல்லாம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். புல் அழுகினால் வாளியே கெட்டுப்போகும் என்று ஒரு பிரசங்கமும் செய்தார். காலையில் பயபக்தியோடு விரலில் மாட்டிக்கொண்ட அதே தர்ப்பை. அதை வேலி ஓரமாக எறிந்துவிட்டு, தன் நெஞ்சை எடுத்த பழைய எக்ஸ்ரே பிலிமைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மழைக்காலம், வானம் முழுக்க மேகம். தன் விலா எலும்பைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கிரகணம் விட்டது. எல்லோரும் குளித்தோம். அக்கா வீடு முழுக்கக் கழுவிவிட்டு, தர்ப்பை இல்லாத பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போனார். என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே கிண்ணத்தோடு கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லின் மேல் வாளி கவிழ்ந்திருந்தது. நார் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நாற்றம் பிடித்த தண்ணீரில் தர்ப்பை இல்லை, அதனால் கொட்டினேன், வீணாக்கவில்லை, உப்பு ஆச்சே என்று தென்னைக்குத்தான் விட்டேன் என்றார். அதற்கு மேல் மறைக்க முடியாது.

“அக்கா, அதுதான் அதுகளுக்குப் பால்” என்றார் என் கணவர்.

பிறகு விட்டுப்போன அந்த நடு வரியையும் சொன்னார். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். உயிர் இருக்கிற தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அக்காவைப் பார்க்க வேண்டாம், அந்தப் புல்லைத் தூக்கி எறிந்த விரலைப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே தன் விரலைப் பார்த்தார். அக்காவுக்கு அதெல்லாம் சமாதானமாக இல்லை. யார் எடுத்தால் என்ன, கொட்டினது என் கைதானே என்றார். பெட்டியை எடுத்துண்டு போ என்று சொன்னவர் இப்போது அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுபடி அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். விழிஞ்ஞத்தில்தான், விடிந்ததும் போகலாம் என்றார் தம்பி. நானும் வருகிறேன் என்றார் அக்கா.

கோட்டைக்குள்ளிருந்து மீன் துறைமுகத்துக்கு மடிசார் கட்டிக்கொண்டு போனவர் அதற்கு முன்பு யாரும் இருந்திருக்க முடியாது. நானும் லீவு போட்டுவிட்டேன். ஆட்டோவில் மூன்று பேர், நடுவில் அக்கா, காலடியில் காலி கேன்கள். துறைமுகத்தருகே சாலை ஓரமெல்லாம் மீன் கூடைகள், ஏலம், ஈரம். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். நான் ஜாடையாக என் கணவரைப் பார்த்தேன். அவர் பாவம், வழி முழுக்க வாயே திறக்கவில்லை. நான் கேலி செய்ய ஆள் இல்லாமல் போயிற்று.

அங்கே வேலை பார்த்தவர் நல்ல மனுஷர். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் அக்காவைப் பார்க்கச் சொன்னார். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். உள்ளே பூச்சிகள் சக்கரம் போலச் சுழன்றுகொண்டிருந்திருக்கும். உயிருக்கு உயிரா என்று இனிக் கேட்பார் என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் நிமிர்ந்து அந்த மனுஷரிடம் மலையாளத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“குட்டிகளுக்கு இது மதியோ?”

குழந்தைகளுக்கு இது போதுமா என்று. அவர் தாராளமாகப் போதும் என்று சொல்லி, கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். காற்று போக வேண்டும் என்பதால் கேனை மூடக் கூடாது. திரும்பி வரும்போது அக்கா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் வாயைப் பிடித்துக்கொண்டார். அதே மீன் கூடைகள், அதே நாற்றம், முந்தானையை எடுக்கக் கை இல்லை. பள்ளம் வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரை மெல்லப் போகச் சொல்லி அதட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது குஞ்சுகளில் பெரும்பாலானவை அடியில் கிடந்தன. மேலே கொஞ்சம்தான் நீந்தின. அக்கா குளிக்கப் போகவில்லை. கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே மொண்டு விட்டார். மிச்சம் இருந்தவை முட்டி முட்டித் தின்றன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்றிலிருந்து வாளி அக்காவின் ராஜ்யம். பூச்சி வாளிக்கு மடி வைத்த வீடு உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் விடியற்காலையில் குளித்து, மடிப் புடவை கட்டிக்கொண்டு, அதற்கென்று தனிக் கிண்ணத்தால் மொள்ளுவார். குளிக்காதவர்கள் வாளிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. வங்கியிலிருந்து வந்த சட்டையோடு என் கணவர் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அவர் கையில் இருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவை நுரைத்துக் கெட்டுக்கொண்டிருந்த வாளி, இப்போது கெடவே இல்லை. அதற்கு விஞ்ஞானப்படி ஒரு காரணம் உண்டு, வெளி அழுக்குச் சேரவில்லை என்று அவர் என்னிடம் விளக்கினார். அதை அக்காவிடம் போய்ச் சொல்லுங்களேன் என்றேன். அவர் போகவில்லை.

அதற்குப் பிறகும் அவ்வப்போது ஒன்றிரண்டு செத்தன. அக்கா காலையில் எழுந்ததும் முதலில் தொட்டியின் அடியைத்தான் பார்ப்பார். நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். பெட்டி இருக்குமா போகுமா என்பதை நாங்கள் மறந்தே போனோம். அக்கா இன்னொரு தடவை அந்தப் படியில் அப்படி உட்காரக் கூடாது, அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வரும்போது அக்கா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். குரலில் அவசரம் இருந்தது. என் கணவர் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். தொட்டியில் ஒரு குஞ்சு மற்றதைவிடக் கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தது. அதன் செவுளுக்குப் பின்னால், மேலிருந்து கீழாக, வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு.

“பாரு, பூணல் போட்டுண்டுடுத்து” என்றார் அக்கா.

எல்லாக் குஞ்சும் முதலில் ஆண்தான் என்று இவர் சொல்லியிருந்ததால் சாஸ்திரப்படியும் சரிதான் என்றேன் நான். என் கணவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், நுரையெல்லாம் கண்ணில் போயிற்று. எரிகிறது என்று கத்திக்கொண்டே குழாயடிக்கு ஓடினார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகும் அக்கா தொட்டியை விட்டு நகரவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். அந்தக் குஞ்சு முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது. அரிசி களைந்தாயா என்று கேட்பது போன்ற குரலில் அவர் சொன்னார்:

“என்னோடது ரெண்டும் இத்தனை நாள் இருக்கலை.”

அவர் மடியாக இருந்தார், நான் இன்னும் குளிக்கவில்லை. தெரிந்தேதான் அவர் தோளில் கையை வைத்தேன். அவர் நகரவில்லை. அன்றைக்கு அதற்காக அவர் மறுபடி குளிக்கவும் இல்லை.